ஒற்று

மேலக்கோட்டகம் கொள்முதல் நிலையத்தில்
பத்தொன்பது சதவீதம் ஈரம் என்று
திருப்பிவிட்ட சம்பா நெல்
களத்திலேயே மழையில் கிடந்து
மூன்றாம் நாள் முளைவிட்டது.
இருபது வரை எடுக்கலாம் என்ற உத்தரவு
அன்று காலையே போய்விட்டது
என்கிறது அலுவலகம்.
வரவில்லை என்கிறார்
பட்டியல் எழுத்தர் வைரக்கண்ணு.
அனுப்பியவள் நான்.

திருவாரூர், மண்டல அலுவலகம், மாடி.
ஒப்பந்தச் சம்பளம், ஒரு மேசை விசிறி.
கண்காணிப்பாளர் ஹாஜா மைதீன்
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
"யாருக்கெல்லாம் போச்சு, காட்டும்மா."

காட்டினேன்.
அனுப்பியவை. காலை 9.52.
பெறுநர்: மண்டல மேலாளர்.
அவ்வளவுதான்.
நாற்பத்துமூன்று நிலையங்களும்
மறைநகல் கட்டத்தில் இருந்தன.
அந்தக் கட்டத்தையே காணோம்.

"அப்ப அனுப்பவே இல்லையா?"
அனுப்பினேன் சார், மறைச்சு அனுப்பினேன்.
சொன்ன பிறகுதான்
அது காதில் எப்படி விழுகிறதென்று தெரிந்தது.

ரகசியம் ஒன்றுமில்லை.
பெயர் தெரிய அனுப்பினால்
ஒவ்வொருவரும் 'அனைவருக்கும் பதில்' அழுத்தி
சரிங்க சார் என்று எழுதுவார்கள்.
குறுவையின்போது அப்படித்தான்
நாற்பத்துமூன்று சரிங்க சாருக்கு அடியில்
சாக்கு இல்லை என்று வந்த கடிதம்
பத்து நாள் கிடந்தது.

கைப்பேசியில் திறந்தேன், இல்லை.
அச்செடுத்தேன், இல்லை.
பெயருக்குப் பக்கத்தில் எள்ளளவு அம்புக்குறி,
அதை அழுத்தினால்
தேதி விரிந்தது, பொருள் விரிந்தது,
மறைநகல் விரியவில்லை.
இடும்பாவனத்துக்குப் போன் போட்டேன்.
வந்துச்சு மேடம்.
அதுல யார் யார் பேர் இருக்கு?
என் பேரே இல்லையே, என்று சிரித்தார் அவர்.
"தண்ணியும் எங்களுக்கு இப்படித்தான் வரும்,
யார் திறந்துவிட்டதுன்னு எழுதியிருக்காது."

சென்னையில் சர்வர் அறை, பிரின்ஸ் என்று ஒருவர்:
"பழைய மென்பொருள் மேடம்.
அனுப்பும்போதே மறைநகலை உரிச்சுட்டுத்தான்
உங்க பிரதியைச் சேமிக்கும்.
எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போச்சா?
போயிருந்தா வரைவுல பாருங்க."

போயிருந்தது, 9.47-க்கு.
வாழ்க்கையில் முதல் தடவை
மின்வாரியத்துக்கு நன்றி சொன்னேன்.
வரைவில் அரைகுறையாய் நின்றது என் கடிதம்,
கீழே நாற்பத்துமூன்று முகவரி.
ஸ்கேலைத் திரையில் வைத்து இறங்கினேன்.
முப்பத்தொன்றாவது.
"இருக்கே! அச்செடு, அச்செடு" என்றார் ஹாஜா மைதீன்.

நான் எடுக்கவில்லை.
மேல, கோட்டகம்.
சேரும்போது ஒற்று மிகும்.
வைரக்கண்ணு முகவரியில் இரண்டு கே.
நான் அடித்ததில் ஒன்று.
ஏழாம் வகுப்பில் சந்திப்பிழைக்கு
அரை மதிப்பெண் குறைப்பார்கள்.
இது நூற்றுப்பத்து மூட்டை.

பிறகு எரிதப் பெட்டியைத் திறந்தேன்.
கடன் தருகிறவர்கள், முடி வளர்க்கும் எண்ணெய்,
நடுவில் ஆங்கிலத்தில் நான்கு வரி:
இந்த முகவரியில் எவரும் இல்லை.
9.53.
ஒரே நிமிடத்தில் சொல்லியிருக்கிறது,
நான்தான் டீ குடிக்கப் போயிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெகுநேரம் துடைத்தார்.
"ஒரு எழுத்தும்மா. யாரு எண்ணப் போறா?"

அந்த மனிதருக்குக் குறிப்பாணை போய் நாலு நாளாகிறது.
அது தபாலில் போனது, சரியாகப் போய்ச் சேர்ந்தது.

புதுக் கடிதம்.
பெறுநர்: மேலாளர், கண்காணிப்பாளர், வைரக்கண்ணு.
மறைநகல்: காலி.
இணைப்பு: அந்த நான்கு வரி.
என் பிழை என்று எழுதினேன்,
நேர்ந்துவிட்டது என்று முதலில் எழுதி
அழித்துவிட்டு.
நெல்லுக்குச் சொந்தக்காரி அஞ்சம்மாளுக்கும்
அனுப்பலாம் என்று பார்த்தேன்.
அவருக்கு எந்தக் கட்டத்திலும் போட
முகவரி இல்லை.

விரல் வைத்து எண்ணினேன், கே, கே.
அழுத்தினேன்.

நான்காம் நிமிடம் பதில் வந்தது,
அனைவருக்கும்.
கிடைத்தது, என்று ஒரு சொல்.
கூடவே ஒரு படம்:
சாக்கின் தையல் வழியே
பச்சையாக எட்டிப் பார்க்கும் முளை.